டோக்கன் நாற்பத்தொன்று

பாந்த்ரா-குர்லா. தூதரகத்துக்கு எதிர்ச்சாரி.
என் குடைக்கடியில் இப்போது
முப்பத்தாறு போன்கள் தூங்குகின்றன.
திரும்ப வாங்கும்போது ஐம்பது ரூபாய்.

எல்லா நாட்டு வானத்திலும்
விமானம் விட்டிருப்பவர்களுக்கு
போனென்றால் பயம்.
அதுவும் அவர்களே விற்ற போன்.

விசா கிடைத்தவர்கள் மீதி கேட்பதில்லை.
கிடைக்காதவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள்.

நாற்பத்தொன்று, பெனிட்டா,
மூன்றாம் முறை வந்திருக்கிறாள்.
பைக்குள் அவள் போன் அதிர்கிறது:
சிகாகோ அண்ணன்.
நின்று, மறுபடி.
அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும்.

உள்ளே கேட்பார்களாம்: திரும்பி வருவாயா?

தாராவிக்கு நான் வந்து இருபத்திரண்டு வருஷம்.
என்னிடம் அதைக் கேட்டவள் ஒருத்திதான்,
வள்ளியூர் ரயிலடியில்.
இன்னும் பதில் சொல்லவில்லை.

கண்ணாடிக் கதவு திறக்கிறது.
ரோட்டைக் கடந்து வருகிறாள்,
நூறு ரூபாய்த் தாளைத் தருகிறாள்.

நீட்டிய கை
அங்கேயே இருக்கிறது.