எல்லாம் அடக்கம்

பிப்ரவரி. கத்தோவிட்சேயில் பனி
கரிப்புகை படிந்து சாம்பலாய்க் கிடக்கிறது.
மூன்றாம் மாடி அடுக்களையில்
லெஷெக் கால்குலேட்டரைத் தட்டுகிறான்.
ட்ராம் பணிமனையில் நட்டு முறுக்கும் விரல்;
ஒருமுறை அழுத்தினால் இரண்டு சைபர் விழுகிறது.
அழித்து, மறுபடி.

ஏழு இரவு, எட்டுப் பகல்.
விமானம், படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு,
காலை பத்திலிருந்து இரவு பதினொன்றுவரை
குழாயைத் திறந்தால் பீர்.
எல்லாம் அடக்கம் என்கிறது விளம்பரம்.
எதையும் அடக்கிக்கொள்ள வேண்டாம் என்பதற்கு
இப்படியும் ஒரு சொல்.

பல்கேரியா. கருங்கடல்.
நிலக்கரி ஊர்க்காரர்களுக்குக்
கடலும் கறுப்பாகத்தான் வாய்க்கிறது என்று
யாகோதா சிரிக்கிறாள்.
விடிகாலை மூன்று மணிக்கு
பேக்கரியில் மாவு பிசைகிறவள்.
விடுமுறை என்றால் அவளுக்குப்
பத்து மணிவரை தூக்கம். அவ்வளவுதான்.

கோர்னெலுக்கு அப்படி இல்லை.
லெஷெக்கோடு படித்தவன், முப்பத்தெட்டு வயது,
எந்தக் கல்யாணத்திலும் கடைசியாக வீட்டுக்குப் போகிறவன்.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு குரல்செய்தி:
நுரை பார்ட்டி உண்டா, கேளுங்கள்.
நீச்சல்குளத்துக்கு உள்ளேயே பார் உண்டா, கேளுங்கள்.
மூவர் அறை எடுத்தால் தலைக்கு இருநூறு ஸ்லாட்டி மிச்சம்,
நான் குறட்டை விடமாட்டேன்.
விடுவான்.

கடல் பார்த்த அறை என்று ஒன்று.
கடல் பக்கம் பார்த்த அறை என்று இன்னொன்று.
முன்னதில் கடல் இருக்கும்.
பின்னதில், பால்கனிக் கம்பிமேல்
இடுப்புவரை வெளியே சாய்ந்து
யாராவது காலைப் பிடித்துக்கொண்டால் கடல் இருக்கும்.
வித்தியாசம் நானூற்றுப் பத்து.
"கடல் என்ன ஓடியா போகும், நடந்து போய்ப் பார்க்கலாம்"
என்று லெஷெக்
வாகன நிறுத்தம் பார்த்த அறைக்கு டிக் போடுகிறான்.

பிறகு அந்தப் பெரிய கணக்கு.
நாளுக்கு எத்தனை கோப்பை குடித்தால்
கொடுத்த காசு செரிக்கும்?
ஆறுவரை ஓட்டலுக்கு லாபம்,
ஏழாவதிலிருந்து நமக்கு.
யாகோதாவுக்கு இரண்டிலேயே கண் சொருகும்.
"உன் பங்கு ஐந்தையும் கோர்னெல் பார்த்துக்கொள்வான்,
மொத்தத்தில் நட்டமில்லை."

அவள் ஓட்டலுக்கே போன் போட்டாள்.
குளிர்காலத்துக்குப் பூட்டிய கட்டடத்தில்
போன் எடுக்க மட்டும் விட்டுவைத்த ஒருத்தி, ரலிட்சா.
போலிஷ் பாதி, பல்கேரியம் பாதி, மிச்சம் கைஜாடை;
போனில் தெரியாது, ஆனாலும் இருவரும் காட்டினார்கள்.

"பாட்டு எத்தனை மணிக்கு நிற்கும்?"
"தாளில் பதினொன்று."
"தாளை விடுங்கள்."
அந்தப் பக்கம் எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்தது.
"பம்ப் அறைக்கு மேலே கேட்டு வாங்குங்கள்.
இரவெல்லாம் மோட்டார் ஒரே சுருதியில் ஓடும்,
பாட்டு அதற்குள் நுழையாது.
ஆகஸ்டில் நான் தூங்குவது அங்கேதான்."

"நீங்கள் எப்போது கடலில் இறங்குவீர்கள்?"
கேட்க வைத்திருந்த கேள்வி இல்லை, வாய் கேட்டுவிட்டது.
"அக்டோபரில். நாற்காலிகளை அடுக்கிய பிறகு.
தண்ணீரில் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும்.
நீங்களெல்லாம் விட்டுப் போன சூடு."

இரவு ஒரு மணி.
லெஷெக் மேசைமேல் கவிழ்ந்துவிட்டான்,
கன்னத்தில் எட்டும் ஒன்பதும் பதிந்திருக்கின்றன.
செப்டம்பர் இரண்டாம் வாரம்.
பம்ப் அறைக்கு மேலே ஒன்று.
நுரை, செவ்வாயும் வெள்ளியும்.
பெரியவர்கள் எத்தனை பேர் என்றது திரை.
மூன்று என்று அடித்தாள்.

போன் அதிர்ந்தது. கோர்னெல் அனுப்பிய படம்:
புதிதாய் வாங்கிய பிளாஸ்டிக் முதலையை
ஊதி, வரவேற்பறை நடுவில் போட்டு,
மேலே ஏறிப் படுத்திருக்கிறான், கறுப்புக் கண்ணாடியோடு.

யாகோதா மூன்றை அழித்தாள்.
பெரியவர்கள் இரண்டு.
குழந்தைகள் ஒன்று.
முப்பது சதவீதம் தள்ளுபடி என்று பச்சையாய் மின்னியது.
வயது? என்றது திரை.
மாவு பிசைய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.
யோசித்தாள்.