பன்னிரண்டு ஜோடி, ஒரு கட்டைவிரல்

முந்நூற்று நாற்பது டாலர் என்றார் வெர்ன்,
ஆல்டர்னேட்டருக்கும் அவருடைய ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்து.
என் கையுறை ஜோடி இருபத்தெட்டு.
அவர் பானட்டை மூடுவதற்குள்
வகுத்துவிட்டேன்:
பன்னிரண்டு ஜோடி,
மேற்கொண்டு ஒரு கட்டைவிரல்.

"அதுவரை ஓட்டலாமா?"
"பேட்டரியில் இருக்கிறவரை ஓடும்.
ஹீட்டர் வேண்டாம், ரேடியோ வேண்டாம்,
விளக்குப் போடும் நேரத்துக்கு முன் வீடு வந்துவிடு.
வழியில் அணைத்தால்
என்னைக் கூப்பிடாதே, ஞாயிறு."

சனி இரவு பேட்டரியைக் கழற்றி
சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்துக் கிடத்தினேன்.
சார்ஜரின் சிவப்புப் புள்ளி
விடியும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
மின்கட்டணக் கடிதம் அதே மேசையில்.
ஃப்ளோரிடாவிலிருந்து தங்கை
தன் ஆரஞ்சு மரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.
அவளிடம் வாங்கிய கைமாற்று
அக்டோபரிலிருந்து அப்படியே இருக்கிறது.
அழகான மரம் என்று எழுதினேன்.

லான்ஸிலிருந்து ஹௌட்டன் முப்பத்திரண்டு மைல்.
கண்ணாடியில் என் மூச்சே உறைகிறது.
ஓட்டைக் கார்டு ஒன்றால் சுரண்டிச் சுரண்டி
ஒரு தட்டு அளவுக்கு வழி தெரிந்தது.
பராகா தாண்டியதும் விரல்கள் மரத்துப்போயின.
பின்சீட்டுப் பெட்டியில் கைவிட்டு
அகப்பட்ட ஜோடியை மாட்டிக்கொண்டேன்,
யாரோ தூக்கிப்போட்ட பச்சை ஸ்வெட்டர்,
என் கொதிநீரில் சுருங்கி, தடித்து, கையானது.
விலைச்சீட்டு ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே வந்தது:
இருபத்தெட்டு, இருபத்தெட்டு.

தேவாலயத்தின் கீழ்த்தளம். மேசை வாடகை முப்பத்தைந்து.
இந்தப் பக்கம் திம்பிள்பெரி ஜாம்,
அந்தப் பக்கம் பழைய நம்பர் பிளேட்டில்
பறவைக்கூடு செய்கிறவர்.
பதினொரு மணிவரை போணி ஆகவில்லை.
மாட்டிப் பார்த்தார்கள், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள்,
"இதை என் மருமகளே செய்துவிடுவாள்" என்று
மடித்துக்கூட வைக்காமல் போனார்கள்.
ஒருவர் வந்து
இடது கை மட்டும் கிடைக்குமா, பாதி விலைக்கு, என்றார்.
தொலைந்தது கையுறையா கையா
என்று நான் கேட்கவில்லை.
தனியாக விற்பதில்லை என்றேன்.
அவர் படியேறிய பிறகு
பதினான்கு டாலர் படியேறுவதாக இருந்தது.

மூன்றரைக்கு மடக்கினேன். ஏழு ஜோடி.
சாவியைத் திருப்பினேன்.
ஒரு முனகல், ஒரு இருமல்,
பிறகு கிளம்பியது,
அதன் நெற்றியை முத்தமிடலாம்போல.

சாஸலில் பெட்ரோல் போட்டேன்,
இஞ்சினை அணைக்காமல், இருபது டாலருக்கு.
தப்புதான்.
உள்ளே பணம் நீட்டிய கையைப் பார்த்து
கல்லாவில் இருந்த பெண்,
மார்பில் 'டார்லீன்' என்ற வில்லை,
"அது உண்மையாகவே இருபத்தெட்டா?" என்றாள்.
சீட்டை மறந்தே போயிருந்தேன்.
பெட்டியில் நீலம் இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, புதிது.
"இல்லை, இதுதான்."
கழற்றிக் கொடுத்தேன்.
அங்கேயே மாட்டிக்கொண்டாள்.
"சூடாகவே இருக்கே" என்றாள்,
அதற்கும் சேர்த்து விலை கேட்பேனோ என்பதுபோல.

வெளியே வந்து சாம்பலை எடுத்து மாட்டினேன்.
சீட்டைக் கிழிக்கவில்லை.

விரிகுடாவின்மேல் வெளிச்சம்
வடித்த கஞ்சிபோல் மெலிந்துகொண்டே வந்தது.
கடைசி நான்கு மைலுக்கு விளக்குப் போட்டேன்.
போடும்போதே மங்கல்,
எதிரே பனி தள்ளும் வண்டிக்காரர்
ஒளியை ஏற்றி இறக்கித் திட்டினார்.
வாசலில் திரும்புகையில்
டாஷ்போர்டு முள்ளெல்லாம் ஒருசேர விழுந்தது.
உருண்டே நின்றது கார்.

ஸ்பேனர். கறுப்பு முனை முதலில், பிறகு சிவப்பு.
குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துத் தூக்கிவந்து
செய்தித்தாளில் வைத்தேன்.
மேசைக்கு முப்பத்தைந்து, பெட்ரோலுக்கு இருபது,
கழித்துப் பார்த்தால்
இன்னும் ஆறு ஜோடி,
அதோடு கொஞ்சம் சின்னதாய்
ஒரு கட்டைவிரல்.
அடுத்த வாரம் ஹேன்காக், பாலத்துக்கு அந்தப் பக்கம்.
சார்ஜரைச் சொருகிவிட்டு
பழுப்பு ஸ்வெட்டரை
கொதிக்கப் போட்டேன்.