அனுமதி: நாற்பது பேர்

காவல்துறை தந்த தாளில் நாற்பது பேர் என்றிருக்கிறது.
இன்று பதினொருவர்.
மைனஸ் ஒன்பது.
குளிரில் மெகாஃபோன் பேட்டரி செத்துவிடும் என்று
ஹப்தோம் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவான்,
காய்ச்சல்காரப் பிள்ளை தெர்மாமீட்டரை இடுக்குவதுபோல.

ஒன்பது வருஷமாக வெள்ளிக்கிழமைகள்.
ஸ்டாக்ஹோமின் இந்த நடைபாதையில்
எந்தக் கல் ஆடும் என்று எங்களுக்குத் தெரியும்.
எதிரே தூதரகம். மாடியில் ஒரு ஜன்னல்.
திரைக்குப் பின்னால் கேமரா இருக்கிறதோ இல்லையோ
லெத்தெபிர்ஹான் முகத்தைச் சுற்றிக்கொண்டுதான் நிற்பாள்.
அவள் தம்பி இன்னும் அங்கே, ராணுவத்தில்.
பதினெட்டு மாதச் சேவை என்று கூட்டிப்போனார்கள்.
பதினாறு வருஷம் ஆகிறது.

அட்டைகளில் இருப்பவர்களுக்கு வயதாவதில்லை.
என் கையில் ஒக்பாஸ்கி, பூகோள வாத்தியார்.
வகுப்பு நடுவில், சாக்கட்டியோடு கொண்டுபோனார்கள்.
படத்தில் இருபத்தெட்டு.
இருந்தால் நாற்பத்தொன்பது.
'இருந்தால்' என்பதை மட்டும்
மெகாஃபோனில் சொல்வதில்லை நாங்கள்.

காவலுக்கு வரும் ஓர்யான்
எல்லாப் பெயர்களையும் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டார்.
எங்கள் பிள்ளைகளைவிட நன்றாகவே சொல்கிறார்.

அன்று யிர்கலெம் வந்தாள்.
எங்கள் பக்கம் திரும்பவில்லை.
கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் தாள்கள்.
தெருவைக் கடந்து நேரே அந்தக் கதவுக்குப் போனாள்.

அவள் அப்பா ஸெரெஸ்கி இறந்து ஆறு நாள்.
அந்தக் கொடிக்காகத் தொடையில் குண்டு வாங்கியவர்.
பிறகு அதே கொடிக்கு எதிரே
ஊன்றுகோலோடு எங்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றவர்.
கெரெனில் புதை என்றாராம்.
வேறொன்றும் கேட்டு வைக்கவில்லை மனிதர்.
ஆஸ்பத்திரிக் குளிரறையில் கிடக்கிறார்,
இந்த ஊர்க் குளிர் போதாதென்று.

கெரெனுக்குப் போக ஒரு முத்திரை வேண்டும்.
முத்திரைக்கு வரி,
இங்கே அவள் கக்கூஸ் கழுவிச் சம்பாதித்த
ஒவ்வொரு வருஷத்துக்கும் நூற்றுக்கு இரண்டு.
கூடவே ஒரு தாள்:
நாட்டை விட்டுப் போனதற்கு வருந்துகிறேன்,
எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன்.
கீழே கையெழுத்து.

மணியை அழுத்தினாள்.
யாரும் சொல்லாமலே ஹப்தோம் மெகாஃபோனைத் தாழ்த்தினான்.
கூரையிலிருந்து பனி சரிவது கேட்டது.
இவ்வளவு நாளும் அது சரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

நாற்பது நிமிடம்.
யாரோ 'துரோகி' என்று தொடங்கி
'துரோ'வோடு நிறுத்திக்கொண்டார்கள்.
யாரோ என்ன,
நான்தான்.

வெளியே வந்தவள் இந்தமுறை எங்களை நோக்கி வந்தாள்.
"ஏன் நிறுத்தினீர்கள்?"
உனக்காகத்தான், என்றான் ஹப்தோம்.
"மூன்றடுக்குக் கண்ணாடி.
உள்ளே ஒன்றுமே கேட்காது.
வாய் அசைவதுதான் தெரியும்.
அது நின்றதும் அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.
வெளியே என்ன ஆயிற்று,
எல்லோருக்கும் உடம்புக்கு ஆகவில்லையா என்று
என்னைக் கேட்கிறான்."

ஒன்பது வருஷம்.
தொண்டைக்கென்று வாங்கிய தேனுக்கே
ஒரு தேனீக் கூட்டம் ஓய்ந்திருக்கும்.
லெத்தெபிர்ஹான் சிரித்தாள்,
துணிக்குள் கன்னம் ஏறி இறங்கியது.
மற்றவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தோம்.

கையெழுத்துப் போட்டாயா என்று யாரும் கேட்கவில்லை.
அவளும் கையுறையைக் கழற்றவில்லை.
அவளுடைய பேருந்து வந்து போனது.
அடுத்ததும் போனது.
ஓர்யான் மணி பார்த்தார்,
அனுமதியில் இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்றார்,
குறிப்பேட்டில் பதினொன்றை அடித்துப்
பன்னிரண்டு ஆக்கினார்.

மெகாஃபோன் என் முறை.
பாதியில் நின்ற அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு
ஒக்பாஸ்கி என்றேன்
ஜன்னலைப் பார்த்து,
வாயை நன்றாகத் திறந்து.