இருபத்து மூன்று பெட்டிகள்

மத்தியானம் ஒன்றரைக்கெல்லாம்
எல்லாம் திரும்பி வந்துவிட்டன.
பெட்டி வாசலில் ஒரு ஈகூட வெளியே இல்லை.
வெயில் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"கார்த்திகைக்கு இன்னும் அஞ்சு நாள் கெடக்கு"
என்றேன் மைனியிடம்.
"அதுகளுக்கு யாரு காலண்டர் மாட்டிக் குடுத்தா"
என்றாள், சாக்கைச் சுருட்டிக்கொண்டே.

ரேடியோவில் குமரிக்கடல் என்றார்கள்,
தாழ்வு மண்டலம் என்றார்கள்,
பேர் இன்னும் வைக்கவில்லை.
கீரிப்பாறைக்கு மேலே இந்த மேட்டில் நின்றால்
கடல் ஒரு விரல் தடிமனுக்குத் தெரியும்.
இன்றைக்கு அந்த விரலும் இல்லை.
தெற்கே யாரோ அடுப்புக்கரியை
ஈரக்கையால் துடைத்த மாதிரி.
மாறாமலை மட்டும்
வழக்கத்தைவிடப் பக்கத்தில் வந்து
மரம் மரமாக எண்ணும்படி நின்றது.

காற்றே இல்லை.
ரப்பர் இலை ஒன்று விழுந்தால்
அது தரையைத் தொடுவது கேட்டது.

தேனீயை வெளிச்சத்தில் தூக்கக் கூடாது.
மனசு விட்டால் கூட்டோடு போய்விடும்,
ராணியை நடுவில் வைத்துக்கொண்டு,
ஒரு வார்த்தை சொல்லாமல்.
ஆகவே இருட்டுக்காகக் காத்திருந்தோம்.
இருட்டோ அன்றைக்கு நாலரைக்கே வந்தது.

கிழிந்த லுங்கித் துண்டால் வாசல்களை அடைத்தோம்.
மூடியையும் அடித்தட்டையும் சேர்த்து
சைக்கிள் டியூப் கீற்றால் ஒரு கட்டு.
எறும்புக்கு வைத்த சிரட்டைத் தண்ணீர்
நாங்கள் தொடாமலே நடுங்கியது.
ஏழாவதில் கனமில்லை, பாகு தீர்ந்திருக்கிறது.
பசித்த கூட்டின் சத்தம் வேறு,
பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல.

பிறைட்சிங் டெம்போவை
இரண்டாம் வளைவிலேயே நிறுத்திவிட்டான்.
"இதுக்கு மேல ஏறாது மக்கா, மண்ணு இளகிக் கெடக்கு."
ஆரல்வாய்மொழியில் காற்றாடி ஒன்றுகூடச் சுற்றவில்லை,
பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்றான்,
சாவு வீட்டு வாசலில் பேசுகிற குரலில்.

பத்தொன்பது பெட்டி இறங்கியது,
ஆளுக்கு ஒன்றாக, மார்போடு அணைத்து.
நெஞ்செலும்பு வழியே இரைச்சல் ஏறி
என் பல்வரை வந்தது.
அவற்றின் பயமா என்னுடையதா,
பிரிக்க நேரமில்லை.

இருபதாவதுக்குத் திரும்பும்போது
முதல் காற்று வந்தது.
வந்தது என்றால்,
மலை முழுக்க இலைகளை
ஒரே நேரத்தில் புரட்டிப் போட்டது.
எங்களுக்கு முன்னால் ஒரு இளமரம் முறிந்தது,
இன்னும் கத்தி படாதது.
மாசியில் அதன் தளிர்க்காம்புகளில்
தேன் கசிந்திருக்கும்.
டார்ச் வெளிச்சத்தில் பால்
யாரும் ஏந்தாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

மைனி என் சட்டையைப் பிடித்தாள்.
"போதும்."
மேலே நின்ற அந்த நாலும்
மகளிர் குழுக் கடனில் வாங்கியவை.
தவணை எழுதி வைக்கிறவள் அவள்.
அவள்தான் போதும் என்றாள்.

நான் மட்டும் ஓடிப் போய்
நாலு மூடிமேலும் கல் ஏற்றினேன்.
வாசல் துணிகளை உருவிவிட்டேன்.
கிடப்பதோ போவதோ,
அதை நான் அடைத்து வைக்க வேண்டாம்.

இப்போது தடிக்காரன்கோணம்.
பிறைட்சிங் வண்டி நிறுத்துகிற கொட்டகை.
தகரத்தின் மேல் யாரோ
லாரி லாரியாகச் சரளை கொட்டுகிறார்கள்.
கரண்ட் போய் இரண்டு மணி நேரம்.
மைனி சீனி காய்ச்சுகிறாள், ஏழாம் பெட்டிக்கு,
சீனி ஒரு டம்ளர், தண்ணீர் ஒரு டம்ளர்.
அணையப் போகிற போனில் ஒரு செய்தி:
பேர் வைத்துவிட்டார்கள்.
வாசித்துச் சொன்னேன்.
"நல்ல பேருதான்" என்றாள்
கரண்டியை நிறுத்தாமல்.

பத்தொன்பதாம் பெட்டியில் காதை வைத்தேன்.
ஒன்றையொன்று பிடித்து
ஒரே பந்தாகத் தொங்கும், இந்நேரம்.
பலகை வெதுவெதுப்பாக இருக்கிறது.
இன்னொரு காதில்
மலை.