தலைப்பு வரி

பெட்டியைத் திறந்ததும் றெஜிபோம் நொருங்கி
விறாந்தை முழுக்க வெள்ளை மணியாய் உருண்டது.
இரால் பெட்டியை விடப் பாரம் குறைவு என்றார் மரியநாயகம்.
தூக்கி மேசையில் வைக்கும்வரை
மூச்சு மட்டும் விடவில்லை.
அச்சடிக்கும், நகலெடுக்கும், படம் பிடித்து உள்ளே வைக்கும்,
பக்ஸும் அடிக்கும்.
நாலு வேலைக்காரர் ஒரு உடம்பில்.
சம்பளம் மை.

"பக்ஸ் இப்ப ஆர் அன்ரி பாவிக்கினம்?"
கடைப் பெடியன் சிரித்தான்.
ஜேர்மன்காரர் பாவிக்கினம், தம்பி.
டோர்ட்முண்டில் என் தங்கச்சி எமில்டாவின் பென்சன் கந்தோர்
ஈமெயிலை நம்பாது,
எங்கள் தபாலுக்குப் பொறுக்காது.
பக்ஸில் வந்தால்தான்
அவள் பிறந்ததை ஒத்துக்கொள்ளும்.

மொழி எது என்பது முதற் கேள்வி.
கீழே கீழே போனேன்.
துருக்கி வந்தது, கிரேக்கம் வந்தது,
எங்களுடையது வரவில்லை.
"டொச்சைப் போடக்கா, நான் வாசிச்சுச் சொல்லுறன்"
வட்சப்பில் பாதி நெற்றி மட்டும் தெரிய எமில்டா.
போட்டேன்.
அன்றிலிருந்து குருநகரில் எங்கள் வீட்டில்
ஒரு டொச்சுக்காரன்.

திகதி கேட்டது.
தொழிற்சாலை அதை
2009 தை ஒன்றில் நிறுத்தி அனுப்பியிருந்தது.
அம்புக்குறியால் முன்னே தள்ள வேண்டும்,
ஒரு அழுத்துக்கு ஒரு மாதம்.
மாசி. பங்குனி. சித்திரை.
கதைத்துக்கொண்டிருந்த எமில்டா நிறுத்தினாள்.
வைகாசியும் ஒரு அழுத்துத்தான்.
விரல் கொஞ்சம் மெதுவாய்ப் போனது.

பெயர் கேட்டது, இருபது எழுத்துக்குள்.
றீற்றா எமறென்சியானா மரியநாயகம் என்று
ஆங்கிலத்தில் அழுத்திக்கொண்டு போக
கடைசிப் பெயரில் மூன்றெழுத்தோடு இடம் முடிந்தது.
"வெட்டுறதுக்கு என்ரை பேர்தான் கிடைச்சுது"
என்றார், மேசைக்குக் கீழே இருந்து.
அங்கே ரெலிபோன் சொக்கற்றுக்குள் கடற்காற்றுப் புகுந்து
செம்பில் பச்சை பூத்திருந்தது.
தேசிக்காயும் பழைய பல்லுப் பிறசும்.
வள்ளத்து மோட்டருக்குச் செய்கிற அதே வைத்தியம்.

முதல் தாளே உள்ளே சிக்கியது.
திரையில் ஒரு நீளச் சொல்.
படமெடுத்து அனுப்பினேன்.
"பப்பியர்ஸ்டவ். ஸ்டவ் எண்டால் நெரிசல், அக்கா.
காலமை காலமை ரோட்டில நான் நிக்கிறதும்
அதுக்குள்ளைதான்."
பின்கதவைத் திறந்து,
நண்டுக்காலுக்குள் சதை எடுக்கிற பக்குவத்தில்
கிழியாமல் இழுத்தேன்.

சோதித்துப் பார்க்க இன்னொரு பக்ஸ் வேண்டும்.
வங்கியில், ஈமெயில் பண்ணுங்கோ என்றார்கள்.
பங்குக் கந்தோரில், அதுக்கு மேலே
பூச்சாடி வைச்சிருக்கிறம் என்றார்கள்.
கடைசியில் எமில்டாவே
தான் வேலை செய்கிற பல் டொக்டரின் மெசினில்
எனக்கொன்று அடித்தாள்.

மணி இரண்டு தரம். பிறகு கீச்சல்.
பிறகு இரைச்சல்,
யாரோ யாரையோ விசாரிக்கிற மாதிரி.
தாள் வந்தது.
வெள்ளை.
ஒரு கோடில்லை. ஒரு புள்ளியில்லை.
ஆக மேலே ஒரேயொரு வரி:
திகதி, நேரம், டோர்ட்முண்ட் நம்பர்,
பக்கம் ஒன்றில் ஒன்று.

"வந்ததோ அக்கா?"
"வந்தது. என்னடி எழுதினனீ?"
தாளைக் குப்புற வைத்துவிட்டாளாம்.
எழுதினதைச் சொல்லன் என்றேன்.
"விடக்கா, சும்மா."

தாள் விற்கிற விலைக்கு எறிய மனமில்லை,
திருப்பித் தட்டில் செருகினேன்.
பிறப்புச் சான்றிதழ் லமினேற் பண்ணினது,
மெசின் விழுங்காது,
கண்ணாடியில் வைத்து நகலெடுத்தேன்.
அது அந்தத் தாளிலேயே போய் விழுந்தது.
பெண். 1961 ஆவணி. யாழ்ப்பாணம்.
தகப்பன் தொழில், மீன்பிடி.
எல்லாவற்றுக்கும் மேலே
அவளுடைய இன்றைய வரி.

மூன்று மணிக்குக் கரண்ட் போகுமென்று சொன்னவர்கள்.
இன்னொன்று எடுக்க நேரமில்லை,
அதையே அனுப்பினேன்.
கந்தோர்க்காரன் எப்படி வாசிப்பானோ.
டோர்ட்முண்டிலிருந்து இன்று காலமை வெளிக்கிட்டு
யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி.