சொல்லாமல் விட்ட வரி

தங்கச்சிமடம், ஞாயிறு முதல் பூசை.
பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்ததும்
நான் வாயை மூடிக்கொள்வேன்.
மூன்று வருஷம்.

கச்சான் எழும்பும் என்று தெரிந்தே
கஸ்பாரை வள்ளத்தில் ஏற்றிவிட்ட பஸ்தியான்
இரண்டு வரிசை முன்னால்
முழங்காலில் நிற்பான்.
பிடரியில் ஐஸ்பெட்டி சுமந்த தழும்பு.
அதைப் பார்த்துக்கொண்டேதான்
நன்மை வாங்கினேன், எத்தனையோ முறை.

பாசிக்கு முங்கும்போதும்
விரலில் சுற்றிய துணிக்குள்
அவன் பெயர் ஊறிக் கிடக்கும்.

ஒரு மூச்சுக்கு
ஒரு கைப்பிடி மரிக்கொழுந்துதான் வரும்.
பேராசைப்பட்டால் பாறை கிழிக்கும்.
சரி, அப்படியே ஆகட்டும் என்று
தவக்காலத்தில் ஒரு நாள்
"எங்களுக்கு" என்றேன்.
அதோடு நின்றுவிட்டது.

சந்தியாகப்பர் கொடியேற்றத்தன்று
"எதிராக" வந்தது.
கூடவே அழுகையும். முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

நேற்று ஏலக்கொட்டகையில்
பஸ்தியான் மீதிச் சில்லறை நீட்டினான்.
கை நடுங்கிற்று அவனுக்கு.
வாங்கி மடியில் முடிந்தேன்.
எண்ணிப் பார்க்கவில்லை.
வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

"மன்னிப்பது போல" இன்னும் பாக்கி.
ஆண்டவரே,
அதுவரை நீர் சொல்லும்.
நான் வாயசைக்கிறேன்.