கிணறு பதினான்கு

ஒச்சம்மாளின் கிணற்றுத் தண்ணீர்
செல்லம்பட்டியிலிருந்து பஸ்ஸில்
என் மடியில் வந்தது, ஒரு கேனில்.
கண்ணாடி போலிருந்தது.
ஒரு மடக்குக் குடித்தேன், கைடுக்குத் தெரியாமல்.
இனித்தது.

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாடையில்லை.
கொதிக்கவைத்தாலும் போகாது.
தண்ணீர் வற்ற வற்ற ஏறும்,
கந்துவட்டி மாதிரி.

மல்லிகைக்கு மூட்டை மூட்டையாய்க் கொட்டிய யூரியா
கொஞ்சம் பூவாகி மாட்டுத்தாவணிக்குப் போனது.
மிச்சம்
மழையோடு கீழே இறங்கிவிட்டது.

களிமண்ணை இரும்பு உப்பில் ஊறவைத்துச்
சொட்டுச் சொட்டாய் விட்டேன் போரோஹைட்ரைடை.
வெளிறிய பச்சை
சட்டென்று கறுத்தது, மை கவிழ்ந்த மாதிரி.
இந்த இரும்புத் துணுக்குகளைத் தனியே விட்டால்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு சும்மா கிடக்கும்.
களிமண்தான் தள்ளித் தள்ளி உட்காரவைக்கிறது,
பரீட்சை ஹாலில் போல.
காற்றுப் பட்டால் துரு.
மூடும்வரை நானும் மூச்சுவிடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அளந்தேன்.
நூற்றிருபதிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியிருந்தது!
கத்திவிட்டேன்.
வாட்ச்மேன் விருமாண்டி எட்டிப் பார்த்தார்.

மூடியைத் திறந்தபோது
மெல்ல மூக்கில் ஏறியது
தொழுவத்து வாடை.
எங்கேயும் போகவில்லை அது.
அம்மோனியா என்று பேரை மாற்றிக்கொண்டு
அதே தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

போனில் ஒச்சம்மாள்:
"தண்ணி தேறிருச்சா தாயி?"
மருமகளுக்கு ஏழு மாசம்.
"பாதிதாம்மா. பிள்ளை பொறந்தா
இதுல பால் பவுடர் கரைச்சிராதீங்க."
அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்.

நோட்டில் எழுதினேன்:
கிணறு 14. நைட்ரேட் 9.
அடுத்த கட்டத்தில்
அம்மோனியா என்று எழுதி,
எண்ணுக்கு இடம் விட்டேன்.